நாயக் வீட்டு உத்தரவு

என் கணவருக்கு ராணுவத்தில் நாயக் பதவி கிடைத்த செய்தி வந்தபோது நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சட்டைக் கையில் ஒரு பட்டை இருந்த இடத்தில் இனி இரண்டு பட்டை. "இனிமே ஒரு செக்‌ஷன் என் பொறுப்புல வருது. பத்து பேரு," என்றார் போனில். குரலில் சந்தோஷம் இருந்தது. ஆனால் 'பொறுப்பு' என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. அப்படி நிறுத்தினாரா, நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேனா என்று அன்று முழுக்க யோசித்தேன். எனக்கு அப்படித்தான். ஒரு விஷயத்தை ஒருமுறை யோசித்து விட்டுவிடத் தெரியாது.

வீட்டில் அந்தச் செய்தியை முழுசாக வாங்கிக்கொண்டவர் என் மாமனார். எங்கள் வீடு பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில். பைபர் படகுகளை ஏற்றி வைக்கும் இடத்தில் அவரும் நாலைந்து பேரும் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்ப்பார்கள். அங்கே போய், "என் புள்ளைக்குக் கீழ பத்து பேரு," என்று சொல்லியிருக்கிறார்.

"அவனுக்கு மேல எத்தினி பேரு?" என்று ஒருவர் கேட்டாராம்.

"மேல இருக்கறத எவன் எண்ணுவான்? கீழ இருக்கறதத்தான் எண்ணணும்," என்றாராம் மாமா.

நான் பொன்னேரியில் வளர்ந்தவள். பி.காம். படித்தவள். எதையும் போனில் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அன்றும் தேடினேன். நாயக்குக்குக் கீழே சிப்பாய், லான்ஸ் நாயக் என்று இரண்டே படி. மேலே ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்று போய், அதற்கப்புறம்தான் ஆபீசர்களே ஆரம்பிக்கிறார்கள். இதை மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதற்குப் பிறகு அவருடைய போன் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம், வடக்கே அவர் இருக்கும் மலையில் சிக்னல் கிடைக்கும் சாயங்காலங்களில் கூப்பிட்டால் குழந்தை என்ன சாப்பிட்டது, நடக்கிறதா, சளி விட்டதா என்று கேட்பார். இப்போதும் கேட்பார். ஆனால் நடுவில் பத்து பேரும் வந்துவிடுவார்கள். ஒருவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி, டாக்டரிடம் போகப் பயப்படுகிறான். ஒருவன் வீட்டிலிருந்து போன் வந்தால் அன்றைக்கெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. ஒருவன் பூட்ஸ் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கால் புண்ணோடு நடக்கிறான்.

"அதெல்லாம் நீங்களா பாக்கணும்?" என்று கேட்டேன்.

"வேற யாரு? ராத்திரி அவன் பக்கத்துப் படுக்கையில படுக்கறவன் நான்தான்."

"உங்க மேல இருக்கறவங்க?"

"அவங்க என்னைக் கேப்பாங்க. நான் அவனைக் கேக்கணும்."

முன்பு அவர் ஒருவருக்காக மட்டும் பயந்தால் போதும் எனக்கு. இப்போது முகம் தெரியாத ஒருவனின் பல்லுக்கும் இன்னொருவனின் குதிகாலுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிற ஆளாக ஆகிவிட்டேன். போனை வைத்த பிறகு, பல் பிடுங்கியாயிற்றா என்று கேட்க மறந்துவிட்டேனே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பத்துப் பேரில் கடைசியாகச் சேர்ந்த சிப்பாய் எங்கள் பக்கத்துப் பையன். பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்த ஒரு குப்பத்தில் அவன் வீடு. எங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் ஆட்டோவில் போய்விடலாம். கல்யாணம் ஆகிச் சில மாதம்தான். அவனுக்கு லீவு முறை வர இன்னும் நாளிருந்தது. அவசரமாக ஊருக்குப் போகணும் என்று அவன் கேட்க, என் கணவர் சுபேதாரிடம் போய்ப் பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். "திரும்பி நேரத்துக்கு வருவான் சாப், நான் பொறுப்பு," என்று சொல்லியிருக்கிறார். நாயக் ஆன பிறகு இவர் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது.

அவன் வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தான். என் கணவர் கொடுத்தனுப்பிய பாதாம்பருப்பும் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவந்தான். எங்கள் ஊர் வெயிலில் அதை எப்போது போடுவது என்று எல்லாரும் சிரித்தோம். என்னை அண்ணி என்றான். மாமாவிடம் அண்ணனைப் பற்றி நிறையச் சொன்னான். மாமா பாதியைத்தான் கேட்டார். மீதி நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகனுக்குக் கீழே இருக்கும் பத்தில் ஒன்றை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

லீவு முடியப்போகும் சமயம் அவன் இன்னொரு முறை வந்தான். நான் பின்பக்கம் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் உயிர் நண்டு. ஒவ்வொன்றும் கையகலம். "உன் வூட்டுக்காரன் ஆளு குடுத்துட்டுப் போறான்," என்றார் மாமா. வேலைக்குத் திரும்பும் முன் மரியாதைக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை மிளகு தூக்கலாகப் போட்டுச் செய்தார். குழந்தைக்குச் சதையை உதிர்த்து ஊட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என் கணவர் கூப்பிட்டார். காலையில் கூப்பிடுகிறவர் இல்லை என்பதால் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தேன்.

"அவன் ரயில் ஏறிட்டானா?"

"யாரு?"

"நம்ம பையன். நேத்தே ஏறியிருக்கணும். போன் சுவிட்ச் ஆப்னு வருது. நாளையோட லீவு முடியுது."

"நண்டு குடுத்துட்டுப் போனான். கெளம்பிட்டான்னுதான் நெனச்சேன்."

"கெளம்பினவன் வழியில போன் பண்ணுவான். எனக்கு என்னமோ சரியாப் படல."

பிறகு அவர் விளக்கினார். லீவு முடிவதற்குள் அவனே கூப்பிட்டு, இன்ன காரணம், இத்தனை நாள் வேண்டும் என்று கேட்டால் கம்பெனி கமாண்டர் கொடுத்தாலும் கொடுப்பார். கேட்காமல் முடிந்துவிட்டால் ஆப்சென்ட். அது அவன் பெயரில் ஏறிவிடும். தண்டனை வரும். புதுசாக வந்தவனுக்கு அது கடைசிவரை கூடவே வரும். "எனக்கு என்ன ஆகும்னு விடு. பொறுப்புன்னு சொன்னவன் நான். இனிமே என் செக்‌ஷனுக்குன்னு நான் எது கேட்டாலும் யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அந்த செக்‌ஷனே என்கிட்ட இருக்குமான்னு தெரியல." நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். கம்பெனி போன் நம்பரைச் சொன்னார். தன் போனில் சிக்னல் போய்விடும், அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். மாமா வலை ஊசியில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா அவசரம்?"

"அந்தப் பையன் ரயில் ஏறலையாம் மாமா. போய்ப் பாத்துட்டு வரேன்."

"ஏற மாட்டான்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாடு முடிச்சிட்டுத்தான் போவான். நான் உத்தரவு குடுத்துட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் சாவகாசமாகச் சொன்னது இது. ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை போட்டுக்கொள்வதுதான் பாடு. கல்யாணம் ஆனவனுக்குத்தான் தனி முறை. முதல் முறைக்கு அவனே தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்றி வலை கட்ட வேண்டும். அவன் அப்பாவோ தம்பியோ செய்தால் செல்லாது. வராவிட்டால் அந்த வருஷத்துக்கு அவனுக்கு முறை இல்லை. அந்தப் பையன் லீவு கேட்டு வந்ததே இதற்குத்தான். நடுவில் அவர்கள் குப்பத்தில் ஒரு சாவு. சாவு விழுந்தால் ஏரியில் யாரும் வலை வைக்க மாட்டார்கள். எல்லார் முறையும் தள்ளிப்போனது. இவனுடையது லீவைத் தாண்டிப் போய் விழுந்துவிட்டது.

"அதுக்கு நீங்க எப்படி மாமா உத்தரவு குடுக்க முடியும்?"

"அவன் நண்டு கொண்டாந்தான் இல்ல?"

அதுவும் இந்தக் குப்பங்களின் வழக்கம்தானாம். வேலைக்கு வர முடியாதவன், தன் கூட்டத்துக்குப் பெரியவராக இருப்பவர் வீட்டில் மீனோ நண்டோ கொண்டுபோய்க் கொடுத்துக் காரணத்தைச் சொல்வான். வீட்டில் வாங்கிக்கொண்டால் சரி என்று அர்த்தம். வாங்காமல் திருப்பி அனுப்பினால் அவன் வந்தே ஆகவேண்டும். பெரியவர் அப்போது வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது முக்கியமில்லை. வீட்டில் யார் வாங்கினாலும் வாங்கினதுதான்.

"பத்து பேருக்குப் பெரியவன் என் புள்ள. அவன் அங்க இருக்கான், வூடு இங்க இருக்குது. நான் வாங்கினேன். போயி நல்லபடியா முறைய முடிச்சிட்டுப் போடா தம்பின்னு சொன்னேன். இன்னா தப்பு?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அவன்கிட்ட இன்னாத்துக்கு? அவனும்தான ஒத்துக்குவான்."

அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பாலத்தின்மேல் போகும்போது, கம்பெனி நம்பருக்கு நானே இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது எடுத்தால்? நாயக்கின் மனைவி போன் செய்து, எங்கள் மாமனார் நண்டு வாங்கிக்கொண்டு லீவு கொடுத்துவிட்டார் என்று இந்தியில் எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்குத்தான் அவமானம். சொல்லாவிட்டால் நேரம் போகிறது. முதலில் அந்தப் பையனைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அவன் வீட்டில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "தண்ணில இருக்காரு அக்கா. நாளைக்கு எங்க முறை. கழி ஊன்றாங்க," என்றாள் பெருமையாக. அவன் போன் எங்கே என்றேன். மூன்று நாளைக்கு முன் இடுப்பிலிருந்து ஏரிக்குள் விழுந்துவிட்டதாம். அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள்.

கரையில் நின்று அவள் கூப்பிட்டாள். தூரத்தில் மார்பளவுத் தண்ணீரில் நாலு பேர். அதில் ஒருவன் திரும்பிப் பார்த்து, என்னை அடையாளம் தெரிந்ததும் வேகமாகக் கரைக்கு வந்தான். முழங்கால்வரை கறுப்புச் சேறு.

"இன்னா அண்ணி, இவ்ளோ தூரம்? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. நீ ஏன்பா இன்னும் கெளம்பல?"

அவன் முழித்தான். "வீட்ல சொல்லிட்டுத்தானே வந்தேன். பெரியப்பா சரின்னு சொன்னாரே."

"பெரியப்பா சரின்னு சொன்னா ஆச்சா? நீ ஆர்மியில இருக்கற ஆள்தானே?"

"ஆர்மில லீவு எப்படின்னு எனக்குத் தெரியும் அண்ணி. ஆனா சொன்னது எங்க நாயக்கோட அப்பா. அண்ணன்கிட்ட பேசிட்டுத்தான் வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். பேசாம யாராவது வாங்குவாங்களா? என் போனும் தண்ணில போச்சு, நம்பரெல்லாம் அதோட போச்சு. அண்ணன் பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன்."

அவன் சொன்னதில் எனக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா பேசியிருப்பார் என்று இவன் நினைத்தான். தன் மகன் ஒத்துக்கொள்வான் என்று மாமா நினைத்தார். பையன் கிளம்பிவிட்டான் என்று நான் நினைத்தேன். நடுவில் மலைமேல் இருக்கும் ஒருவருக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரோ அவர்தான்.

நாளையோடு லீவு முடிகிறது, கேட்காமல் முடிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "நான் இப்பவே கெளம்பறேன்," என்று வீட்டைப் பார்த்து நடந்தான். அவன் மனைவி வழியை மறித்தாள்.

"இப்ப போனா நாளைக்கு யாரு தண்ணில எறங்கறது? நானா?"

"அண்ணன் மாட்டிக்குவாருடீ."

"அப்போ உன் அண்ணனுக்கே பொண்டாட்டியா இரு, போ."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது. ஆனால் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். போ என்றால் போய்விடுவான். இரு என்றால் இருந்துவிடுவான். மாமா சொன்னதைக் கேட்டமாதிரி என்னையும் கேட்பான். ஏற்கனவே எங்கள் வீட்டிலிருந்து ஒரு உத்தரவு போயிருந்தது. இன்னொன்று வேண்டாம் என்று நினைத்தேன்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன்பா. நீயே அவர்கிட்ட பேசு," என்று கம்பெனி நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கம் எடுத்த உடனே அவன் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றான். ஈர லுங்கி, சேறு, தோளில் துண்டு. ஆனால் நின்றது சிப்பாய்தான். பெயர், நம்பர் சொல்லி இந்தியில் பேசினான். என் கணவரைக் கூப்பிட ஆள் போனது. அவர் வந்ததும் இவன் தமிழில் எல்லாவற்றையும் சொன்னான். சாவு, தள்ளிப்போன முறை, போன் விழுந்தது, நண்டு. ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு, "அண்ணிகிட்ட குடுக்கச் சொல்றாரு," என்று நீட்டினான்.

நான் "என்னங்க," என்றேன்.  

"நண்டு எப்படி இருந்திச்சு?" என்றார்.

"நல்லா இருந்திச்சு," என்றேன். வேறென்ன சொல்ல.

"நான் சுபேதார் சாப்கிட்ட போறேன். அவனை அங்கேயே இருக்கச் சொல்லு. நீயும் இரு."

காத்திருந்தோம். கரையோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து மற்ற மூவரும், "இன்னாடா, வர்றியா இல்லியா?" என்று கத்தினார்கள். "மேல எடத்துல கேட்டிருக்கேன், இருங்கடா," என்று இவன் கத்தினான். என் குழந்தை ஈரச் சேற்றை அள்ளி அவன் காலில் அப்பிக்கொண்டிருந்தது. அவனை உடனே ரயிலேற்றியிருக்க வேண்டுமோ? ஒரு நாள் தாமதமாகப் போனாலும் கிளம்பிவிட்டான் என்று அவர் சொல்லியிருக்கலாமே. அவர் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கிளப்புவது? இப்படியும் அப்படியுமாக யோசித்து, கடைசியில் தலை வலித்ததுதான் மிச்சம்.

போன் அடித்தது. நானே எடுத்தேன்.

"குடுத்துட்டாங்க," என்றார். "முறைய முடிச்சிட்டு மறுநாளே ரயில் ஏறணும்."

அவர்கள் இருவரையும் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஏரியைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நடந்ததைச் சொன்னேன். பையன் ஒளியல, என் வீட்டுல கேட்டான், என் வீட்டுல குடுத்துட்டாங்க, அதனால இது என் தப்புன்னு சொன்னேன்."

"அவரு?"

"செக்‌ஷனுக்கு ஒரு நாயக் கெடச்சான்னு நெனச்சேன், அவங்க அப்பனையும் சேத்து அனுப்பியிருக்காங்கன்னாரு. அப்புறம் கமாண்டர் சாப்கிட்ட அவரே கூட்டிட்டுப் போனாரு." பிறகு, "ஒண்ணு இருக்கு," என்றார். செக்‌ஷனில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் வெளியே இருக்கலாம். இவன் கூடுதலாக இருக்கும் நாட்களுக்கு இன்னொருவன் லீவைத் தள்ளிப்போட வேண்டும். அடுத்து போகவேண்டிய பையனின் தங்கைக்குக் கல்யாணம். அவனைத் தள்ள முடியாது. அதனால் தன்னுடையதை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் அந்த லீவில் வருவதாக இருந்தது குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்கு. என் அண்ணன் வீட்டில்கூடச் சொல்லியாகிவிட்டது. "சரிங்க," என்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. செக்‌ஷன் அவரிடமே இருக்கிறது என்பதுதான் அப்போது மனசில் நின்றது.

அன்று சாயங்காலம் மாமாவிடம் பேசவேண்டும் என்று அவரே கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நைனா, இனிமே என் பசங்களுக்கு நீ லீவு குடுக்காத."

"அப்போ யாரு குடுக்கறது? நீயா?"

"நானும் இல்ல. மேல இருக்கறவங்க."

"அவன் வரலன்னா மட்டும் உன்னைத்தான் கேப்பாங்களா?"

"ஆமா."

மாமா வலை ஊசியைக் கீழே வைத்தார். "குடுக்கறது அவங்க, மாட்டிக்கறது நீ. அப்புறம் இன்னாடா பெரிய நாயக்கு?"

அந்தப் பக்கம் என் கணவர் சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "அதான் நைனா நாயக்கு," என்றார். மாமா எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "பாவம்மா," என்றார். மறுநாள் படகுப் பக்கம் போனவர் பத்து பேர் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை என்று அத்தை சொன்னார்.

பையன் முறையை முடித்தான். இறால் பரவாயில்லை என்று கேள்விப்பட்டேன். சொன்ன நாளில் பொன்னேரி போய்ச் சென்னைக்கு ரயில் பிடித்தான். அவன் மனைவி அவள் போனையே அவனுக்குக் கொடுத்தனுப்பினாள். சென்ட்ரலில் இருந்து ஒருமுறை, நாக்பூர் பக்கத்திலிருந்து ஒருமுறை எனக்குக் கூப்பிட்டான். நான் கேட்காமலேயே, "ரயில் லேட்டு இல்ல அண்ணி," என்றான். அதற்கப்புறம் இரண்டு நாள் சத்தமே இல்லை. வழியில் பாறை சரிந்து ரோடு அடைத்திருக்குமோ, தூங்கிப்போய் ஸ்டேஷனை விட்டிருப்பானோ என்று என்னென்னவோ வந்தது. ரயில் எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்துப் பார்த்து, அது வந்து நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் என் கணவரிடமிருந்து போன் வந்தது.

"வந்து ரிப்போர்ட் பண்ணிட்டான்."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்கு முன்னாடியே. கேட்டுல நின்னுட்டு இருந்தான்."

"சாப் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் ரோந்துக்கு என் செக்‌ஷனைப் போட்டிருக்காரு."

ரோந்து என்றால் எனக்கு எப்போதும் பயம்தான். அன்று பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள் என்பதும் கூடவே தோன்றியது. ஜாக்கிரதையாகப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். பல் வலிக்காரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பிடுங்கியாயிற்றாம். எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறானாம்.

போனை வைத்துவிட்டு, "வந்துட்டானாம்," என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். அத்தை அடுப்பிலிருந்து, "சரி, நீ போயி கொஞ்சம் படு. மூஞ்சியப் பாரு," என்றார். குழந்தை ஏற்கனவே தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்தேன். யோசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.